சேமிப்பா, ஆவணகமா? தமிழ் ஆய்வாளரின் தனிப்பட்ட மின்சேகரம் குறித்து

ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கண்ணில் படுவது இவ்வளவுதான்: நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஒரு நிறுத்தற்குறியும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வெளிவந்த இதழ்களும் மலர்களும் பல இந்த எழுத்துருவில்தான் கோக்கப்பட்டன. கோப்பு அழியவில்லை, பூச்சி அரிக்கவில்லை, ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஆனால் அதற்குள் ‘தமிழ்’ என்று தேடினால் தமிழ் கிடைக்காது.

ஆய்வாளர்கள் பேச்சில் ‘என்னிடம் ஸ்கேன் இருக்கிறது’ என்ற வாக்கியம் அடிக்கடி வரும். கொஞ்சம் காத்திருந்தால் அடுத்த வாக்கியமும் வரும்: ‘எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.’ நூலகத்தில் கைப்பேசியால் படமெடுப்பது எளிதாகிவிட்ட பிறகு, பத்தாண்டு ஆய்வு செய்த எவரிடமும் பல்லாயிரம் பக்கங்கள் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் குவியலை ஆவணகம் என்று சொல்லலாமா? சொல்ல முடியாதென்றால், அது ஆவணகமாவதற்கு எது குறைகிறது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை, எத்தனை டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்குவது, எந்த மேகக்கணியில் ஏற்றுவது என்பதோடு நின்றுவிடுகிறது. வன்பொருள் பழுதானால் இழப்பு உடனே தெரியும், புலம்பவாவது முடியும். எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாததாலும், பெயரும் தேதியும் எழுத்தும் ஒழுங்குபடாததாலும் நேரும் இழப்பு தெரியாமலே நேர்கிறது. தமிழில் ஆய்வு செய்பவருக்கு இந்த இரண்டாவது வகை இழப்பே பெரிது என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

1. சேகரித்தவர்கள் விட்டுச்சென்ற முறை

உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. அந்தக் கதையின் பரபரப்பில் ஒரு சிறு செயல் கவனிக்கப்படாமல் போகிறது. சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) முதலிய தம் பதிப்புகளில், பயன்படுத்திய பிரதிகள் யார் யாரிடமிருந்து வந்தன என்பதைப் பெயரும் ஊருமாக அவர் பதிவு செய்தார். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினார். அந்த ஏடுகளில் சில இன்று இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் ஒரு பாடம் எந்த வழியாக வந்தது என்று விசாரிக்க இன்றும் ஒரு நூல் கையில் இருக்கிறது. மின்சேகரம் பற்றிப் பேசுபவர்கள் ‘மெட்டாடேட்டா’ என்று புதிதாகச் சொல்வதன் சாரம் இதைவிட அதிகமில்லை.

இன்னொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். சொந்தக் காசில் சேர்த்தவர். நூல்கள், இதழ்கள் மட்டுமல்லாமல் நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று கல்விநிலையங்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேகரம் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் தொட்டிருந்தது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவ உதவியது. அங்கே முதலில் நடந்த பெரிய வேலை நுண்படமெடுப்பு. அந்த வரிசையில் ஒரு விவேகம் இருக்கிறது. நல்ல முறையில் கழுவிப் பாதுகாத்த வெள்ளி நுண்படச்சுருள் நூற்றாண்டுகள் தாங்கும் என்பது துறையினர் கணக்கு. அதைப் படிக்க வெளிச்சமும் உருப்பெருக்கியும் போதும். எந்த மென்பொருளும் வேண்டாம்.

எதிர் உதாரணம் இங்கிலாந்தில் கிடைக்கிறது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கு நூலின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி நிறுவனம் நாடு முழுவதும் மக்களிடம் தகவலும் படமும் திரட்டி லேசர் தட்டுகளில் பதிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தத் தட்டை ஓட்டும் கருவி அரிதாகிவிட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்கித்தான் அதை மீண்டும் திறந்து காட்ட முடிந்தது. தோலில் எழுதிய பழைய நூலோ எந்தச் சிக்கலும் இல்லாமல் விரிந்துகொண்டிருந்தது. மின்வடிவம் மோசம் என்பதற்காக இக்கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த முடிவு அவசரமானது. அடுத்த வடிவத்துக்கு மாற்றும் வேலை யார் பொறுப்பு என்று எழுதி வைக்காததே அங்கே நடந்த பிழை. ஓலைச்சுவடி மரபில் அந்தப் பொறுப்பு தெளிவாக இருந்தது. ஏடு நைந்தால் பெயர்த்தெழுத வேண்டும். எழுதாத தலைமுறையில் நூல் போய்விடும்.

2. பொதுமின்னூலகங்கள் இருக்கும்போது தனிச்சேகரம் எதற்கு?

நியாயமான கேள்விதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் ஈழத்து எழுத்துகளுக்காகத் தொடங்கிய நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று இத்தனை இருக்கும்போது ஒருவர் தம் வீட்டிலும் படி வைத்துக்கொள்வது பதுக்கல் போலத் தோன்றலாம்.

நிகழ்ந்தவை வேறு விதமாகச் சொல்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அது தீ. இன்றைய தாக்குதலுக்குப் புகைகூட வராது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையவழிப் பணயத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் நூற்பட்டியலும் மின்சேவைகளும் மாதக்கணக்கில் முடங்கின. லண்டனில் நேரில் போய் நின்றவர்களுக்கே எந்த நூல் எங்கே இருக்கிறது என்று கேட்க முடியாத நிலை. ஓராண்டு கழித்து, 2024 அக்டோபரில், இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்கப்பட்டுச் சில நாட்கள் முற்றிலும் நின்றது. அதே நிறுவனம், பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கின் விளைவாக, இரவல் கொடுத்துவந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

தாக்குதலும் வழக்கும் இல்லாமலே மறைபவை இன்னும் அதிகம். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பின் திறக்கவில்லை என்று 2024இல் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. ஹார்வர்டு சட்ட ஆய்விதழ்களில் மேற்கோள் காட்டப்பட்ட இணைப்புகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவை, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ஏறத்தாழப் பாதி, ஆசிரியர் பார்த்த அதே பொருளுக்கு இட்டுச் செல்வதில்லை என்று அங்குள்ள சட்டப் பேராசிரியர்கள் 2014இல் காட்டினார்கள். தீர்ப்பின் கதியே இதுவென்றால் சிற்றிதழ்க் கட்டுரையின் அடிக்குறிப்பு எம்மாத்திரம்!

மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே எழுதினார். உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட வரிகளைக் கொண்டு, மூலம் போய்விட்ட நூல்கள் ஒரு காலத்தில் இருந்தன என்று நிறுவிய முயற்சி அது. உரைகாரர் ‘இன்ன நூலில் பார்க்க’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. இணையத்தில் கண்ட ஒன்றை மேற்கோள் காட்டுகிறவர் அந்தப் பக்கத்தைச் சேமித்தும் வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று தேவையில்லை.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. பொதுநூலகம் வைத்திருக்கும் அனைத்தையும் இறக்கி வைப்பது தனிச்சேகரத்தின் வேலையல்ல. தம் வாதம் எதன் மேல் நிற்கிறதோ அது மட்டும் கையில் இருந்தால் போதும். மற்றதற்கு முகவரியும் பார்த்த தேதியும் போதும்.

3. படமெடுக்கும் மேசையில்

ஒரு நாள் நூலக வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைப்பேசிப் படம் ஒன்றுக்குச் சுமார் 3.5 எம்பி என்று வைத்தால் 400 பக்கத்துக்கு 1.4 ஜிபி. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை, அந்த நானூறு கோப்புகளுக்கும் கைப்பேசி தானாக இடும் பெயர். அது எடுத்த நாளையும் நொடியையும் சொல்லும். எந்த நூல், எந்த நூலகம், எந்தப் பக்கம் என்று சொல்லாது. அன்று மாலை நினைவிருக்கும். அடுத்த ஆடிக்கு நினைவிருக்காது.

பழுத்த ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். நூலைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் நூலகத்தின் பெயர், நூலின் அழைப்பெண், தேதி ஆகியவற்றை எழுதி அதையே முதல் படமாக எடுத்துவிடுவது. பிறகு மேலட்டை, தலைப்புப் பக்கம், தலைப்புப் பக்கத்தின் பின்புறம். அதன்பின்தான் வேண்டிய பக்கங்கள். கோப்புகள் எங்கே சிதறினாலும் அந்தத் துண்டுத்தாள் வரிசையில் முன்னே நிற்கும். ஒரு நிமிட வேலை. பசி நேரத்தில், நூலகர் மணியைப் பார்க்கும் நேரத்தில், இந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கத் தோன்றும்.

படத்தின் நுணுக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 12 மெகாபிக்சல் படம் என்பது 4000 புள்ளி நீளமும் 3000 புள்ளி அகலமும் கொண்டது. 7 அங்குல உயரமுள்ள சிறுநூலின் பக்கம் அதில் நிறைந்தால் அங்குலத்துக்கு 570 புள்ளிகள் கிடைக்கும், தாராளம். அதே கைப்பேசியால் 22 அங்குல உயர நாளிதழ்ப் பக்கத்தை ஒரே படத்தில் பிடித்தால் அங்குலத்துக்கு 180தான். எழுத்துணரி மென்பொருளுக்குப் பொதுவாக 300 வேண்டும். ஆகவே நாளிதழை நான்கு பகுதியாக, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுப்பதே சரி. கண்ணால் படிக்க முடிகிறதே என்று விட்டவர்கள், பின்னால் அதைத் தேடத்தக்க உரையாக மாற்ற முயலும்போது மறுபடி பயணச்சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அந்தத் தாள் நொறுங்கியிருந்தால் அந்தப் பயணமும் வீண்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் ஆய்வுலகில் பரிமாற்றத்தில் பெரும்பகுதி இன்று அதன் வழியேதான் நடக்கிறது. படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். எடுத்த நாள் முதலிய உள்விவரங்களையும் உதிர்த்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் இரண்டும் தப்பும். அனுப்பியவர் யார் என்பதைப் பெறுகிறவர்தான் குறித்துவைக்க வேண்டும். உ. வே. சா.வின் பட்டியல் இங்கேயும் பொருந்தும்.

4. பெயர், ஆண்டு, எழுத்து

தமிழ்ச் சேகரத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் இதைப் பற்றிச் சொல்வதில்லை. அவற்றை எழுதியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

முதலில் ஆள்பெயர். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஊடக மையம் 2006இல் வெளியிட்ட ஜொடேரோ என்ற இலவச மென்பொருள் நூல்விவரங்களைச் சேர்க்கப் பரவலாகப் பயன்படுகிறது. அது ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள் தருகிறது: குடும்பப்பெயர், முதற்பெயர். சி. சு. செல்லப்பாவை இதில் எப்படிப் பிரிப்பது? சி.யும் சு.வும் குடும்பப்பெயர் அல்ல, செல்லப்பாவும் அல்ல. ஒரே கட்டமாக மாற்றும் வசதி அதிலேயே ஓர் ஓரத்தில் இருக்கிறது. தெரியாதவர்கள் மனம்போனபடி இட்டுவிடுகிறார்கள். விளைவாக, ஒரே ஆசிரியர் பட்டியலில் மூன்று பேராகிவிடுகிறார். புனைபெயர் இன்னொரு குழப்பம். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே. க. நா. சுப்ரமண்யம் கவிதைக்கு மயன். ந. பிச்சமூர்த்தி, பிக்ஷு. இதழில் அச்சான பெயரை அப்படியே ஒரு கட்டத்திலும், நிலைநிறுத்திய பெயரை இன்னொரு கட்டத்திலும் வைத்தால் மட்டுமே இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும்: இவர் என்னென்ன எழுதினார், எந்தெந்தப் பெயரில் எழுதினார்.

அடுத்தது ஆண்டு. பழைய இதழ்களிலும் நூல்களிலும் தேதி பெரும்பாலும் தமிழாண்டில் இருக்கும். ‘பிரமாதி’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது 1879ஆகவும் இருக்கலாம், 1939ஆகவும் இருக்கலாம், அறுபதாண்டுச் சுற்று. அதோடு ஆண்டு சித்திரையில் பிறப்பதால், பிரமாதி ஆவணி 1939இல் விழும், பிரமாதி தை 1940இல் விழும். தென்கோடியில் கொல்லம் ஆண்டு வந்தால் 824 அல்லது 825 கூட்ட வேண்டும். அச்சிட்ட தேதியை அழித்துவிட்டு ஆங்கிலத் தேதியை மட்டும் எழுதிவைப்பவர் தம் கணக்குப் பிழையைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டும் இருக்கவேண்டும். கோப்புப் பெயரில் மட்டும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்கள் முன்னே நின்றால் கணினி தானே கால வரிசையில் அடுக்கித் தரும். ‘1959-01_எழுத்து_இதழ்01_ப003’ என்பது போல. இப்படிப் பெயர் வைத்த கோப்பு எந்த மென்பொருள் போனாலும் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும்.

எழுத்து என்று வரும்போது சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்கு இருந்த குறியேற்றங்களை எண்ணி மாளாது: பாமினி, டிஸ்கி, மயிலை, ஒவ்வொரு அச்சுக்கோப்பு நிறுவனத்துக்கும் ஒன்று. 1999இல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. ஒவ்வொரு அறிவிப்புக்குப் பின்னும் முந்தைய கோப்புகள் ஒரு படி பின்தங்கின. மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன. என்எச்எம் மாற்றி பலருக்குக் கைகொடுத்தது. மாற்றியபின் மூலக்கோப்பை அழித்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மாற்றத்தில் பிழை விழுந்திருந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே அதே கோப்புறையில் வைப்பது நல்லது.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் சரியல்ல. ‘கோ’ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். க-வை அடுத்து ‘ோ’ என்ற ஒரே குறி. அல்லது க-வை அடுத்து ‘ே’, அதற்கடுத்து ‘ா’. திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது. சில மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், சில பார்க்காது. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்புமுறை கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைத்தது. விண்டோசில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்தே விழும். ஆகவே ஆப்பிளில் பெயரிட்ட ‘கோவில்’ கோப்பு வேறு கணினிக்குப் போனதும் தேடலில் அகப்படாமல் நிற்கும். கோயில், கோவில் என்ற இரட்டை வழக்கு போதாதென்று கோவிலுக்குள்ளேயே இரண்டு கோவில்!

‘ஸ்ரீ’ இன்னும் வேடிக்கை. ஒரே உருவத்துக்குள் ‘ஸ’ என்ற எழுத்தும் இருக்கலாம், ‘ஶ’ என்ற எழுத்தும் இருக்கலாம். 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதைக் கொண்டு எழுதுவதே பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் பழைய கோப்புகளில் ‘ஸ’ அப்படியே இருக்கிறது. வைணவ உரைகளை ஆய்கிறவர் ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடிப் பாதி முடிவுகளை மட்டும் பெற்று, இவ்வளவுதான் போலும் என்று எண்ணிக்கை எழுதிவிட வாய்ப்புண்டு. ‘ஔவை’யும் அப்படியே. ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதியவர்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி முடிவு சொல்லும் ஆய்வுகள் பெருகிவரும் காலத்தில் இது வெறும் தட்டச்சுப் பிழை அல்ல. சான்றில் விழுந்த ஓட்டை.

எழுத்துணரியின் கதை தனி. டெசராக்ட், கூகுள் டிரைவ் இரண்டும் இன்றைய அச்சுத் தமிழை வியக்கும்படி படிக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘னை’, ‘லை’, ‘ணா’, ‘றா’ வடிவங்களில் தடுமாறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் பக்க எண் தமிழ் எண்ணில் இருந்தால் ‘௧’ என்பதை ‘க’ என்று படித்து, பக்கத்தின் நடுவே சம்பந்தமில்லாத ஒரு க-வைக் கொண்டுவந்து வைக்கின்றன. ஆகவே எழுத்துணரி தந்த உரை தேடுவதற்கு மட்டும். மேற்கோளுக்குப் படத்தைப் பார்த்தே எழுத வேண்டும். எந்த உரை மெய்ப்புப் பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்று கோப்பின் பெயரிலேயே ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது, பத்தாண்டு கழித்து அதைத் திறக்கும் அதே ஆய்வாளருக்குச் செய்யும் உபகாரம்.

5. மென்பொருளை எவ்வளவு நம்புவது

ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் நாற்பதாண்டுக்கு மேல் எழுதிச் சேர்த்த குறிப்பட்டைகள் சுமார் 90,000. மரப்பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வோர் அட்டைக்கும் எண்ணும் எழுத்தும் கிளைகிளையாகப் பிரியும் ஒரு முகவரி கொடுத்தார். 1998இல் அவர் மறைந்த பின் பீலஃபெல்டு பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்று மின்வடிவாக்கி வருகிறது. அவருடைய முறையைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் செயலிகள் இன்று நிறைய. செயலி மாறினால் அட்டைகளின் முகவரி போய்விடுமா என்ற கேள்வியை அவற்றைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் கேட்பதில்லை. லூமனின் முகவரி அட்டையின் மேலேயே மையால் எழுதப்பட்டிருந்தது.

இது வெறும் அச்சமல்ல. மென்டலே என்ற நூல்விவர மென்பொருளை 2013இல் எல்செவியர் நிறுவனம் வாங்கியது. 2018இல் வந்த பதிப்பு பயனரின் சொந்தக் கணினியில் இருந்த தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்தது; வேறு மென்பொருளால் அதை நேரடியாகப் படிக்க முடியாமல் போயிற்று. நிறுவனம் பாதுகாப்பைக் காரணம் காட்டியது. காரணம் எதுவானாலும், பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளின் சாவி வேறொருவர் கைக்குப் போனது. எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், அதன் உள்ளடக்கத்தை மாதம் ஒருமுறை சாதாரண உரைக்கோப்பாகவோ அட்டவணையாகவோ வெளியே எடுத்துவைப்பதே இதற்கு மாற்று. படத்துக்கு ஜேபெக் அல்லது டிஃப், நூலுக்கு 2005இல் பன்னாட்டுத் தரமான பிடிஎஃப்-ஏ, குறிப்புக்கு வெற்று உரை. இவை எந்த ஒரு மென்பொருளையும் சார்ந்து நிற்பதில்லை என்பதே இவற்றின் தகுதி.

6. படிகளும் பழுதும்

நிழற்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி எளிது: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சென்னையின் தரைத்தள வீடுகளில் புகுந்தபோது, ஒரே அலமாரியின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்குகளை இரண்டு படியாகக் கணக்கிட முடியாது. ஊரில் அக்கா வீட்டுப் பீரோவில் ஒன்று இருப்பது, மேகக்கணிக்குப் பணம் கட்ட முடியாத மாணவருக்கு நல்ல மூன்றாம் படி.

மேகக்கணியோடு இணைந்த கோப்புறையைக் காப்புப்படி என்று எண்ணுவது பரவலான மயக்கம். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். பணயத் தாக்குதல் இங்கே பூட்டினால் அங்கேயும் பூட்டிய கோப்பே போய்ச் சேரும். எஸ்எஸ்டி வட்டுகளை மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் போட்டுவைப்பதும் உசிதமல்ல. அவை மின்னேற்றத்தில்தான் தகவலைத் தாங்குகின்றன.

படியெடுத்தது அப்படியே இருக்கிறதா என்று சோதிக்க ஹாஷ் என்ற வழி உண்டு. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கணக்கிட்டு எடுத்த ஒரு நீண்ட எண். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். அந்த எண்களின் பட்டியலைக் கோப்புறையிலேயே வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஏட்டின் இறுதியில் பாட்டுத்தொகையை எழுதிவைக்கும் வழக்கத்துக்கு இது வெகுதூரமில்லை. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் நாட்களில் இதையும் செய்கிறவர்கள் மறப்பதில்லை.

7. உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் படியெடுப்பதை அனுமதிக்கிறது. அந்தப் படியை ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு அது அனுமதி அல்ல. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள், இலங்கையில் 70 ஆண்டுகள் உரிமை நிற்கும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியர் மறைந்த ஆண்டு ஒரு கட்டமாக இருந்தால், எதை எப்போது பொதுவில் வைக்கலாம் என்பது தானே தெரியும். அதுவரை ஸ்கேனை வெளியிட முடியாவிட்டாலும், ‘இன்ன இதழின் இன்னின்ன எண்கள் இன்ன நூலகத்தில் உள்ளன’ என்ற பட்டியலை வெளியிட யாரும் தடை சொல்லப்போவதில்லை. தமிழில் அந்தப் பட்டியல்களுக்கே பஞ்சம். கையில் ஸ்கேன் இருப்பதை ரகசியமாக வைத்துக்கொள்வது ஆய்வு முதலீடு என்று கருதும் மனப்போக்கும் அதற்கு ஒரு காரணம்.

8. இரண்டு ஆண்டுகள்

ரோஜா முத்தையா மறைந்ததற்கும் சிகாகோ பல்கலைக்கழகம் அவருடைய சேகரத்தை வாங்கியதற்கும் இடையே இருந்தது இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் காகிதம் காத்திருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய குவியலாக, என்னவென்று விசாரிக்கத் தூண்டும் குவியலாக அது இருந்தது.

2023இல் கூகுள் அறிவித்த விதிப்படி, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கு அதன் உள்ளடக்கத்தோடு நீக்கப்படலாம். டிரைவில் வாழ்நாள் சேகரம் முழுவதையும் வைத்திருந்த ஆய்வாளர் மறைந்தால், கடவுச்சொல் தெரியாத குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். வீட்டுக்கு வருபவர் கண்ணில் படவும் எதுவும் இருக்காது. கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் குறிக்கும் வசதியை அதே நிறுவனம் 2013 முதல் தருகிறது. பத்துப் பேர் வரை குறிக்கலாம். அமைப்புகளுக்குள் போய்ச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

இன்னொன்று காகிதத்தில் செய்ய வேண்டியது. ஒரே பக்கம். எத்தனை வட்டுகள், எவை எங்கே இருக்கின்றன, கோப்புறைகளின் அமைப்பு என்ன, எது பிறர் நம்பிக் கொடுத்தது, எதை வெளியிடக் கூடாது, எந்த நூலகத்தை அல்லது எந்த ஆய்வாளரை அணுகவேண்டும். தமிழில், வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும் சொற்களில். பட்டாவும் குடும்ப அட்டையும் இருக்கும் அதே உறையில் அதை வைத்தால், தேடுகிறவர்கள் முதலில் திறப்பது அந்த உறையாகத்தான் இருக்கும்.